‘ப்ளட்’ முதல் ‘வெசல்’ வரை: ஆங்கிலச் சொற்களின் பொருளை ஒப்பிட்டுப் படிக்க ஒரு வழிகாட்டி

தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கல்லூரியிலோ வேலையிலோ திடீரென்று ஆங்கிலத்துக்கு நடுவே வந்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். இவர்களுக்குச் சொல் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ‘ப்ளட்’ தெரியும், ‘ஹார்ட்’ தெரியும், ‘ஹேண்ட்’ தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ப் பொருளும் தெரியும். சிக்கல் அந்த ‘ஒரு’ பொருளில்தான் இருக்கிறது. செய்தித்தாளில் ‘பேட் ப்ளட்’ என்று வந்தால் யாருக்கோ ரத்தம் கெட்டுப்போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். அங்கே சொல்லியிருப்பது இரண்டு பேருக்கு நடுவே நாள்பட்டுக் கிடக்கும் பகையை.

புதுச் சொற்களை அடுக்கிக்கொண்டே போவதைவிட, தெரிந்த சொல்லையே தோண்டிப் பார்ப்பதில் பலன் அதிகம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நூறு சொல்லுக்கு ஒவ்வொரு பொருள் தெரிந்தவரைவிட, பத்துச் சொல்லை நாலா பக்கமும் புரட்டிப் பார்த்தவர் ஆங்கிலச் செய்தியை நன்றாகப் புரிந்துகொள்கிறார். இங்கே ‘ப்ளட்’ என்ற சொல்லை மாதிரியாக வைத்து அந்த வேலையைச் செய்து காட்டுகிறேன். சின்னச் சொல், எல்லோருக்கும் தெரிந்த சொல், வடசென்னையில் எங்கே திரும்பினாலும் கண்ணில் படும் சொல்.

தேவையானவை கொஞ்சம்தான். ஒரு லாங் சைஸ் நோட்டு. ஆங்கிலம் படிப்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி ஒன்று. மொபைலில் இலவசமாகக் கிடைப்பதே போதும். அப்புறம், வாரத்துக்கு ஒரு சொல் என்ற பொறுமை.

முதல் படி: அகராதியைத் திறக்காமல் சேகரியுங்கள்

நோட்டில் இரண்டு பக்கத்தை ஒதுக்கி, மேலே சொல்லை எழுதுங்கள். பிறகு ஒரு வாரம் கண்ணையும் காதையும் திறந்து வைத்திருங்கள். அந்தச் சொல் எங்கே வந்தாலும், கூட வரும் சொற்களோடு சேர்த்து முழுதாகக் குறித்துக்கொள்ள வேண்டும். தனியாக ‘ப்ளட்’ என்று எழுதினால் அந்தக் குறிப்புக்குப் பயனில்லை. ‘ப்ளட் பேங்க்’, ‘ஃபாஸ்டிங் ப்ளட் சுகர்’ என்று எழுத வேண்டும். எங்கே பார்த்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஒரு சுற்று வந்தாலே அரைப் பக்கம் நிரம்பிவிடும். (பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. நம் பக்கத்துப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வது அதனால்தான்.) ப்ளட் பேங்க், ப்ளட் குரூப், ப்ளட் பிரஷர், ப்ளட் டோனர், ப்ளட் கல்ச்சர் எல்லாம் அங்கே கிடைக்கும்.

கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போனால் வேறு மாதிரி கிடைக்கும். மீன் தீனியாக விற்கும் ‘ப்ளட் வார்ம்’ மண்புழு வகை இல்லை; கொசுவைப் போலிருக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் புழுப் பருவம். அதன் உடம்பில் நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் இருப்பதால் சிவப்பாகத் தெரிகிறது. ‘ப்ளட் பேரட்’ என்று ஒரு மீன் இருக்கும். இரண்டு மீன் இனங்களைக் கலந்து உண்டாக்கியது, சிவந்த ஆரஞ்சு நிறம், கிளி மூக்கு மாதிரி வாய். முதலாவதில் உண்மையிலேயே ரத்தப் பொருள் இருக்கிறது, இரண்டாவதில் நிறம் மட்டும்தான். ஒரே கடையில் இரண்டு பொருள் கிடைத்துவிட்டது, பார்த்தீர்களா?

ஆங்கிலச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் ‘யங் ப்ளட்’ வரும். வணிகப் பக்கத்தில் பங்குச் சந்தை சரிந்த மறுநாள் ‘ப்ளட்பாத்’ வரும். அங்கே யாரும் சாகவில்லை, பணம்தான் போயிருக்கிறது. குற்றச் செய்தியில் ‘இன் கோல்ட் ப்ளட்’ வரும். இதையெல்லாம் புரிகிறதோ இல்லையோ, எழுதி வையுங்கள்.

சேகரிக்கும்போது வராமல் போன இடத்தையும் கவனியுங்கள். சாயங்காலத் தள்ளுவண்டியில் நாம் ‘ரத்தப் பொரியல்’ என்று வெளிப்படையாகக் கேட்டு வாங்குகிறோம். பிரிட்டனில் பன்றி ரத்தத்தில் செய்யும் அதே மாதிரிப் பண்டத்துக்கு ‘ப்ளாக் புட்டிங்’ என்று பெயர். கருப்பு என்று நிறத்தைச் சொல்கிறார்கள், ரத்தம் பெயரிலேயே இல்லை.

இரண்டாம் படி: குவியல் குவியலாகப் பிரியுங்கள்

இப்போது சேகரித்ததைப் பிரிக்க வேண்டும். ‘ப்ளட்’டுக்கு ஐந்து குவியல் வரும்: உடம்பில் ஓடுவது, உறவு, குணமும் கோபமும், கொலையும் இழப்பும், நிறம். சில சொற்றொடர்கள் எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் நிற்கும். ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு மேலே போங்கள், பிறகு இடம் கிடைக்கும்.

உறவுக் குவியலில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘ப்ளட் ரிலேஷன்’ என்பது ரத்த சொந்தம், இது எளிது. ஆனால் ‘ப்ளட் பிரதர்’ என்றால் கூடப் பிறந்தவன் என்று நினைத்தால் பெரும்பாலும் தப்பு. கூடப் பிறக்காமல், சகோதரனாக இருப்பேன் என்று சத்தியம் செய்துகொண்ட நண்பனுக்குத்தான் அந்தப் பெயர் அதிகம் வழங்குகிறது. சில சமூகங்களில் விரலைக் கீறி ரத்தத்தைக் கலந்து சத்தியம் செய்யும் வழக்கம் இருந்ததிலிருந்து வந்தது.

சட்டத்தில் இன்னும் நுணுக்கம். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ‘ஃபுல் ப்ளட்’, ‘ஹாஃப் ப்ளட்’, ‘யூட்ரைன் ப்ளட்’ என்று மூன்று வகை உண்டு. அப்பாவும் அம்மாவும் ஒருவரே என்றால் முதல் வகை. அப்பா ஒருவர், அம்மா வேறு வேறு என்றால் இரண்டாவது. அம்மா ஒருவர், அப்பா வேறு வேறு என்றால் மூன்றாவது. சொத்து வழக்கில் இந்த வேறுபாடு பங்கையே மாற்றிவிடும். நாம் பேச்சில் மூவரையும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்றே கூப்பிட்டுவிடுகிறோம்.

படிவம் நிரப்பும்போது நமக்கு வரும் பெரிய குழப்பம் ‘மாமா’. அம்மாவின் தம்பி மாமா, அவர் ரத்த உறவு. மாமனாரும் மாமா, அவர் ரத்த உறவு இல்லை. ஆங்கிலத்தில் ‘ஃபாதர் இன் லா’. தாய்மாமன் மகளையே கட்டியிருந்தால் இரண்டு மாமாவும் ஒரே ஆள்! அப்படிப்பட்டவரை இன்சூரன்ஸ் படிவத்தில் ‘அங்கிள்’ என்றும் இன்னொரு படிவத்தில் ‘ஃபாதர் இன் லா’ என்றும் மாற்றி மாற்றி எழுதினால் பின்னாளில் விளக்கம் கேட்பார்கள். எதை எழுதினாலும் எல்லா இடத்திலும் ஒன்றையே எழுதுங்கள்.

பிரசவத்துக்குப் பதியும்போது “சொந்தத்தில் கல்யாணமா?” என்று நர்ஸம்மா கேட்பார். அட்டையில் அது ‘கன்சாங்குவினியஸ் மேரேஜ்’ என்று இருக்கும். அந்த நீளமான சொல்லுக்கு நடுவிலும் ரத்தம் ஒளிந்திருக்கிறது. அதை ஐந்தாம் படியில் பார்க்கலாம்.

மூன்றாம் படி: தமிழ் வரிசையைப் பக்கத்தில் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த படி இது. நிதானமாகச் செய்யுங்கள். ஒவ்வொரு ஆங்கிலச் சொற்றொடருக்கும் எதிரே, அதே இடத்தில் நம் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எழுத வேண்டும். அகராதியில் இருக்கும் தமிழை எழுதக் கூடாது. உங்கள் பாட்டி அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று யோசியுங்கள்.

சிலது அப்படியே பொருந்திவிடும். கோபம் வந்தால் அவர்களுக்கும் ரத்தம் கொதிக்கிறது, நமக்கும் கொதிக்கிறது. ஒரு வித்தை ‘ரத்தத்தில் ஊறியது’ என்று இருவரும் சொல்கிறோம். மீட்டர் வட்டிக்காரர் ரத்தத்தை உறிஞ்சுகிறார். ஆங்கிலத்தில் ‘ப்ளட் சக்கர்’. இவற்றுக்கு ஒரு டிக் போட்டுவிட்டுத் தாண்டிவிடலாம்.

சிலதில் சொல்ல வந்தது ஒன்றாக இருக்கும், உறுப்பு மாறியிருக்கும். ‘ப்ளட் இஸ் திக்கர் தேன் வாட்டர்’ என்று அவர்கள் சொல்லும் இடத்தில் நாம் “தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்” என்கிறோம். பெற்ற பிள்ளையை அவர்கள் ‘ஃப்ளெஷ் அண்ட் ப்ளட்’ என்கிறார்கள். நம் அம்மாக்கள் “என் வயித்துல பொறந்தது” என்கிறார்கள். தொப்புள்கொடி உறவு என்றும் நமக்கு உண்டு. ஆங்கிலத்தில் உறவு ரத்தத்தில் ஓடுகிறது என்றால், தமிழில் அது பெரும்பாலும் சதையிலும் வயிற்றிலும் இருக்கிறது. கஞ்சனிடம் காசு கேட்பதை ‘கெட்டிங் ப்ளட் அவுட் ஆஃப் எ ஸ்டோன்’ என்பார்கள். கல்லில் நார் உரிப்பது நம் வழி. கல் இரண்டிலும் இருக்கிறது, அதிலிருந்து வர வேண்டியதுதான் வேறு.

சிலதற்கு எதிரே எழுத ஒன்றும் கிடைக்காது. ‘ப்ளூ ப்ளட்’ அப்படி. ஸ்பெயின் நாட்டுப் பிரபுக்கள் தங்கள் வெளுத்த தோலில் நரம்பு நீலமாகத் தெரிவதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதிலிருந்து வந்தது. உயர்குடிப் பிறப்பு என்று பொருள். வெயிலில் மீன் காயவைக்கும் ஊரில் பிறக்கக்கூடிய சொல் இல்லை அது. நம்மிடம் நிறத்துக்கு “சுண்டினால் ரத்தம் வரும்” என்று இருக்கிறது, ஆனால் அதில் குலம் இல்லை, சிவந்த தோல் மட்டும்தான்.

‘கோல்ட் ப்ளட்’ என்பதற்குத் தனியாக அரைப் பக்கம் ஒதுக்குங்கள். ‘இன் கோல்ட் ப்ளட்’ என்றால் கோபத்தில் நிதானம் இழந்து செய்ததாக இல்லாமல், யோசித்து, ஈவு இரக்கமில்லாமல் செய்தது. ‘குளிர்ந்த ரத்தத்தில்’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் நம் காதில் அது கொடூரமாகவே கேட்காது. காரணம், தமிழில் குளிர்ச்சி நல்லது. கண் குளிரப் பார்க்கிறோம், மனம் குளிர வாழ்த்துகிறோம், அம்மனைக் குளிர்விக்கக் கூழ் ஊற்றுகிறோம். ஆங்கிலம் பனி பெய்யும் நாட்டில் வளர்ந்தது. அங்கே ‘வார்ம்’ என்றால் அன்பு, ‘கோல்ட்’ என்றால் அன்பின்மை. நல்ல வரவேற்பை ‘வார்ம் வெல்கம்’ என்கிறார்கள். சித்திரை மாத ராயபுரத்தில் விருந்தாளிக்கு யார் சூட்டைக் கொடுப்பார்கள்? முதலில் மோர்தான் கொடுப்போம். தட்பவெப்பம் ஒரு மொழியின் நல்லது கெட்டதை எப்படி மாற்றிப் போடுகிறது என்பதை இந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது.

இதில் இன்னொரு வளைவும் உண்டு. பிரெஞ்சு மொழியில் ‘குளிர்ந்த ரத்தம்’ என்பதற்கு ‘சாங் ஃப்ருவா’ என்று சொல். ஆங்கிலேயர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆபத்தில் பதறாமல் நிற்கும் துணிச்சல் என்று அதற்குப் பாராட்டுப் பொருள். ஆக, ஆங்கிலத்தில் அதே குளிர்ந்த ரத்தம் சொந்தச் சொல்லில் வந்தால் கொலைகாரனுக்கு, பிரெஞ்சுச் சொல்லில் வந்தால் வீரனுக்கு.

நான்காம் படி: ஆஸ்பத்திரியில் ஆபத்தாகும் சொற்களுக்குச் சிவப்பு மை

பேச்சில் தப்பாகச் சொன்னால் பரவாயில்லை. டாக்டரிடமும் லேபிலும் தப்பாகச் சொல்வதும் தப்பாகப் புரிந்துகொள்வதும் வேறு விஷயம். இந்தப் பகுதியைச் சிவப்பு மையில் எழுதச் சொல்வேன்.

‘ரத்தக்கொதிப்பு’ நம்மிடம் ஒரு நோயின் பெயர். ஆங்கிலத்தில் ‘ஹை ப்ளட் பிரஷர்’, அல்லது ‘ஹைப்பர்டென்ஷன்’. அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘ப்ளட் பாய்லிங்’ என்றால் அப்பா கோபத்தில் இருக்கிறார் என்றாகிவிடும்.

‘ரத்தக்கட்டு’ இதைவிடச் சிக்கல். காலில் அடிபட்டுக் கன்றிப்போனால் ரத்தக்கட்டு என்கிறோம். அதற்கு ஆங்கிலம் ‘ப்ரூஸ்’. ‘ப்ளட் க்ளாட்’ என்று சொன்னால், ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். அது மூளைக்கோ நுரையீரலுக்கோ போனால் உயிருக்கு ஆபத்தான நிலை. வேறு மாநிலத்து டாக்டரிடம் பேச நேர்ந்தால் இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள். விளக்கத் தெரியாவிட்டால் அடிபட்ட இடத்தைத் தொட்டுக் காட்டினாலே போதும்.

‘பாசிட்டிவ்’ என்றால் நல்லது என்று விளம்பரங்கள் நமக்குப் பழக்கிவிட்டன. லேப் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்றால் தேடிய பொருள் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். மலேரியா பாசிட்டிவ் என்றால் மலேரியா இருக்கிறது. ப்ளட் குரூப்பில் வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் நோயே இல்லை. 1901ல் கார்ல் லேண்ட்ஸ்டைனர் என்ற விஞ்ஞானி ரத்த வகைகளைப் பிரித்துக் காட்டினார். 1940ல் அவரும் அலெக்சாண்டர் வீனரும் ஆர்எச் என்ற இன்னொரு வேறுபாட்டை வெளியிட்டார்கள். ஆர்எச் என்ற அந்தப் பொருள் ரத்தத்தின் சிவப்பணுவில் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். அவ்வளவுதான். நெகட்டிவ் குரூப் என்று கேட்டுப் பெண் வீட்டார் பயந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். கர்ப்ப காலத்தில் டாக்டரிடம் சொல்லிவைக்க வேண்டிய விவரம் அது; குறை இல்லை.

‘ப்ளட் கல்ச்சர்’ பண்பாட்டைப் பற்றியது இல்லை. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை. ‘கல்ச்சர்’ என்ற சொல்லின் பழைய லத்தீன் வேரே பயிர் வளர்ப்பதுதான். ‘அக்ரிகல்ச்சர்’ என்பதில் அது இன்னமும் தெரிகிறது. பண்பாடு என்ற பொருளிலும் ‘பண்படுத்துவது’ இருக்கிறது. நிலத்தைப் பண்படுத்துவதும் மனத்தைப் பண்படுத்துவதும் தமிழிலும் ஒரே சொல்தான்.

ரத்த தானம் செய்யப் போகிறவர்களுக்கு: படிவத்தில் ‘யூனிட்’ என்று வருவது ஒரு பை, 350 அல்லது 450 மில்லி. ‘இன்டர்வல்’ என்பது போன தடவை கொடுத்ததிலிருந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்ற கேள்வி. ஆண்களுக்கு 90 நாளும் பெண்களுக்கு 120 நாளும் கழிந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஒரே பொருளுக்கு மூன்று வேர்

ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்குப் பல இடங்களிலிருந்து சொல் வந்து சேர்ந்திருக்கும். நமக்கு ரத்தமும் உதிரமும் வடமொழி வழியாக வந்தன, குருதியும் செந்நீரும் நம்முடையவை. பேச்சில் ரத்தம், பிரசவ விஷயத்தில் உதிரப்போக்கு, அரசு விளம்பரத்தில் குருதிக்கொடை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே.

‘ப்ளட்’ பழைய ஜெர்மானிய வேர். ஜெர்மன் மொழியில் இன்றும் ‘ப்ளூட்’ என்பார்கள். வீட்டுப் பேச்சுக்கு இந்தச் சொல். கிரேக்கத்தில் ரத்தம் ‘ஹைமா’. அதிலிருந்து ஹீமோகுளோபின், ஹீமோஃபிலியா, ஹெமட்டாலஜி. சொல்லின் முடிவில் ‘ஏமியா’ அல்லது ‘ஈமியா’ என்று வந்தாலும் அதே ரத்தம்தான். ‘அனீமியா’ என்றால் ரத்தம் இல்லாமை, நம் ரத்தசோகை. ‘லுக்கீமியா’ என்றால் வெள்ளை ரத்தம். இந்த ஒரு வேரைத் தெரிந்து வைத்துக்கொண்டால் லேப் ரிப்போர்ட்டில் பாதிச் சொற்கள் பயமுறுத்தாது.

லத்தீனில் ரத்தம் ‘சாங்க்விஸ்’. கன்சாங்குவினியஸ் மேரேஜ் இதிலிருந்துதான் வந்தது: ஒரே ரத்தத்துக்குள் நடந்த கல்யாணம். இதிலிருந்து வந்த இரண்டு சொற்கள் படிப்பவரைத் தடுமாற வைக்கும். ‘சாங்க்வினரி’ என்றால் ரத்தம் சிந்திய, கொலைவெறி கொண்ட. ‘சாங்க்வின்’ என்றால் நம்பிக்கையும் உற்சாகமும் நிறைந்த! ஒரே வேர், எதிரெதிர் மனநிலை.

இதற்குக் காரணம் ஐரோப்பாவின் பழைய மருத்துவம். உடம்பில் ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்கள் ஓடுவதாகவும், எது மிகுந்திருக்கிறதோ அது குணத்தைத் தீர்மானிப்பதாகவும் நம்பினார்கள். ரத்தம் மிகுந்தவன் கன்னம் சிவந்து கலகலப்பாக இருப்பான், அவன் ‘சாங்க்வின்’. சளி மிகுந்தவன் மந்தமானவன், ‘ஃபிளெக்மாடிக்’. பித்தம் மிகுந்தால் முன்கோபி, ‘காலரிக்’. கரும்பித்தம் மிகுந்தால் சோகம், ‘மெலன்கலி’. நம் சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. ரத்தம் அந்த மூன்றில் இல்லை. செந்நீர் என்று ஏழு உடல் தாதுக்களில் ஒன்றாக இருக்கிறது. பித்தம் இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆனால் வேலை வேறு. அங்கே பித்தம் ஏறியவன் கோபக்காரன். இங்கே பித்தம் தலைக்கேறியவன் பித்தன். இந்த நான்கு சொற்களையும் குணத்தோடு சேர்த்துப் படித்தால் மறக்கவே மறக்காது.

ஆறாம் படி: வினைச்சொல்லைப் பின்தொடருங்கள்

பெயர்ச்சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். ‘ப்ளட்’டின் வினை ‘ப்ளீட்’. இறந்தகாலம் ‘ப்ளெட்’, மற்ற வினைகளைப் போல எண்ணி ‘ப்ளீடட்’ என்று எழுதக் கூடாது. இந்த வினை ரத்தத்தை விட்டு வெகுதூரம் போயிருக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கும்போது “சாயம் போகுமா?” என்று கேட்கிறோமே, ஆங்கிலத்தில் அதுவும் ‘ப்ளீட்’தான். துணி ரத்தம் சிந்துவது போல் சாயத்தை விடுகிறது. இதில் நம் ஊருக்கு உலக அளவில் ஒரு பெயரே உண்டு. 1960களில் அமெரிக்காவில் ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்ற கட்டம் போட்ட கைத்தறித் துணிக்குப் பெரிய மோகம் இருந்தது. இயற்கைச் சாயம் ஒவ்வொரு சலவைக்கும் ஒன்றோடொன்று கலந்து புதுப் புது நிறமாக மாறும். சாயம் போவதையே அழகு என்று விற்றார்கள். கம்பெனிக் காலத்தில் துணி வெளுப்பவர்கள் குடியேறியதால் பெயர் பெற்ற பேட்டையில் நின்று இதைப் படிப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. சாயம் போகாத துணிக்கு ‘ஃபாஸ்ட் கலர்’ என்று லேபிள் இருக்கும். அந்த ‘ஃபாஸ்ட்’ பற்றிக் கீழே சொல்கிறேன்.

மாதவரம் பக்கம் மெக்கானிக் ஷெட்டில் பிரேக் பைப்பில் ஏறிய காற்றை வெளியே எடுப்பது ‘ப்ரேக் ப்ளீடிங்’. அச்சகத்தில் படத்தைத் தாளின் ஓரத்தைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் நீட்டி வைப்பது ‘ப்ளீட்’. எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது வெளியே கசிகிறது என்ற ஒரே கருத்து ஓடுவதைக் கவனித்தால் போதும். குழந்தைக்குச் சில்லு மூக்கு உடைந்தால் ‘நோஸ் ப்ளீட்’. இதில் நாம் உடைந்ததைச் சொல்கிறோம், அவர்கள் கசிந்ததைச் சொல்கிறார்கள்.

உச்சரிப்பையும் இங்கேயே முடித்துவிடலாம். இரட்டை ஓ வரும் சொற்களில் ‘ஃபூட்’, ‘மூன்’ நெடிலாக ஒலிக்கும், ‘குட்’, ‘புக்’ குறுகி ஒலிக்கும். ‘ப்ளட்’, ‘ஃப்ளட்’ இரண்டில் மட்டும் அகர ஒலி வரும். இந்த இரண்டையும் ஜோடியாக நினைவில் வையுங்கள். டிசம்பரில் வெள்ளம் பார்க்கும் ஊரில் ‘ஃப்ளட்’ மறக்காது.

ஏழாம் படி: எங்கே சொல்லக் கூடாது

‘ப்ளடி’ என்ற சொல்லை நம் பசங்க சினிமா பார்த்துச் சட்டென்று எடுத்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நண்பர்களுக்குள் ‘ரொம்ப’ என்ற அளவில் அதைச் சொல்வார்கள். ஆனால் 1914ல் லண்டன் நாடக மேடையில் ஒரு நடிகை அந்தச் சொல்லைச் சொன்னது பெரிய பரபரப்பாகிவிட்டது. அந்தக் கரடுமுரடு இன்னும் முழுதாகப் போகவில்லை. நம் ஊர் அலுவலகத்திலும் இன்டர்வியூவிலும் அது வசவாகவே கேட்கும். புரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள், வாயில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எட்டாம் படி: இப்போது அகராதி, பிறகு அடுத்த சொல்

இவ்வளவும் முடித்த பிறகு அகராதியைத் திறந்தால் அது வேறு மாதிரி தெரியும். உங்கள் குவியல்களில் சில அங்கே எண் போட்டு இருக்கும். உங்களிடம் இல்லாத குவியல் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் எழுதி வைத்தவற்றுக்கும் இப்போது இடம் கிடைக்கும். மொபைல் மொழிபெயர்ப்புச் செயலியைச் சரிபார்க்க மட்டும் வையுங்கள், அதுவும் ஒற்றைச் சொல்லாகக் கொடுக்காமல் முழு வாக்கியமாகக் கொடுங்கள்.

அடுத்த வாரத்துக்கு ‘வெசல்’ எடுங்கள். வடசென்னைக்கென்றே அளந்து வைத்த சொல் அது. துறைமுகத்தில் அது கப்பல், பாத்திரக்கடையில் அது குண்டான், ஸ்டான்லியில் ‘ப்ளட் வெசல்’ என்றால் ரத்தக் குழாய். தமிழ்ப் பக்கத்தில் ‘கலம்’ என்று எழுதிப் பாருங்கள். மரக்கலம் கப்பல், உண்கலம் பாத்திரம். இரண்டு மொழியும் எதையாவது கொள்ளும் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றன.

அதற்கடுத்து ‘ஃபாஸ்ட்’. வேகம் என்ற பொருளை எல்லோரும் அறிவோம். ஆனால் பழைய பொருள் உறுதி, அசையாமை. சாயம் போகாத ‘ஃபாஸ்ட் கலர்’, படகைக் கயிற்றால் கட்டும்போது சொல்லும் ‘மேக் ஃபாஸ்ட்’, சட்டைப் பொத்தான் போடும் ‘ஃபாஸன்’ எல்லாம் அதிலிருந்து. சாப்பிடாமல் உறுதியாக இருப்பதும் ‘ஃபாஸ்ட்’தான், ‘ஃபாஸ்டிங் ப்ளட் சுகர்’ அங்கிருந்து வருகிறது.

உடம்புச் சொற்களில் ‘நெர்வ்’, ‘சீக்’, ‘லிப்’ மூன்றையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். நரம்பு, கன்னம், உதடு. மூன்றுமே ஆங்கிலத்தில் திமிரைக் குறிக்கும். எதிரே நம் பக்கத்தில் ‘கொழுப்பு’ என்றும் ‘வாய்க்கொழுப்பு’ என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ‘ஹேண்ட்’. கப்பலில் அது வேலையாள், கடிகாரத்தில் முள், சீட்டாட்டத்தில் கையில் இருக்கும் சீட்டு, பழைய கடிதத்தில் கையெழுத்து. தமிழ் வரிசைக்கு கைமாத்து, கைராசி, கைநாட்டு, கைக்காசு என்று நான் நான்கு கொடுத்துவிட்டேன். மீதியை உங்கள் தெருவில் சேகரித்து நிரப்புங்கள்.